டேட்டாசெட்டில் உள்ள மதிப்பை மேக்ரோ மாறிக்குள் கொண்டுவருவது: சாஸ் புதிதாகப் பழகுபவர்களுக்கு

சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில், சராசரி போன்றவற்றைக் கணக்கிடும் ப்ராக் மீன்ஸ் ஓட்டி ஒரு சராசரியைக் கண்டுபிடிக்கிறோம். திரையில் வந்த எண்ணைப் பார்த்து, கீழே இருக்கும் நிபந்தனை வரியில் கையால் அடிக்கிறோம். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த முறை டேட்டா மாறும், சராசரியும் மாறும், கையால் அடித்த எண் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சாஸ் ஒரு வார்த்தை சொல்லாது. அதன் கணக்கில் எந்தப் பிழையும் நடக்கவில்லை.

இதைத் தவிர்க்கத்தான் டேட்டாசெட்டில் இருக்கும் மதிப்பை நேராக ஒரு மேக்ரோ மாறியில் ஏற்றுகிறோம். ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு, நிரலில் அதன் பெயர் வரும் இடத்தில் அந்த மதிப்பை நிரப்பித் தருவதுதான் மேக்ரோ மாறி. அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: டேட்டாவை வரிசை வரிசையாகப் படிக்கும் டேட்டா ஸ்டெப்பில் கால் சிம்புட்எக்ஸ், டேட்டாவை வினவும் ப்ராக் எஸ்க்யூஎல்லில் இன்டு. இரண்டையும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த வரி எப்போது ஓடுகிறது என்பது பிடிபடாவிட்டால், அதே அரை மணி நேரக் கல்வி பல நாள் தலைவலியாகத் திரும்பி வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஒரு ஏற்பாடு. கீழே வரும் நிரல் வரிகளில் சாஸின் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டேட்டா, செட், ரன் என்று வந்தால் எடிட்டரில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். உயரம், சராசரி, பட்டியல் என்று தமிழ்ச் சொல் வந்தால் அது நான் வைத்த பெயர். அதற்குப் பதில் உங்களுக்குப் பிடித்த பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ மாறியின் பெயர் 32 எழுத்துகளுக்கு மிகாமல், ஓர் எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். நடுவில் இடைவெளி கூடாது.

பயிற்சிக்கு சாஸோடு சேர்ந்தே வரும் சாஸ்ஹெல்ப்.கிளாஸ் என்ற டேட்டாசெட் போதும். 19 மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் நேம், செக்ஸ், ஏஜ், ஹைட், வெயிட் என்று ஐந்து மாறிகள். சிறியதாக இருப்பதால் விடை சரியா என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம்.

எந்த வரி எப்போது ஓடுகிறது

மேக்ரோ மாறிக்குள் இருப்பது எழுத்துச் சரம் மட்டுமே. 72 என்று உள்ளே இருந்தாலும் அது எண் இல்லை. 7, 2 என்ற இரண்டு எழுத்துகள். சாஸ் உங்கள் நிரலைப் படிக்கும்போது, & குறி போட்ட பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மேக்ரோ பிராசஸர் அந்த எழுத்துகளை வைத்து நிரப்பிவிடும். நிரப்பி முடித்த வரிகள்தான் டேட்டா ஸ்டெப்பின் கம்பைலருக்குப் போகும். கம்பைல் ஆகி, ரன் வரி வந்த பிறகே டேட்டாவின் முதல் வரிசை படிக்கப்படும்.

ஆக, வரிசை இதுதான்: மேக்ரோ பிராசஸர், அப்புறம் கம்பைலர், அப்புறம் டேட்டா. மேக்ரோ பிராசஸர் வேலை செய்யும் நேரத்தில் டேட்டாசெட்டின் ஒரு வரிசைகூடத் திறக்கப்பட்டிருக்காது. புதிதாக வருபவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

டேட்டா _நல்_;
  செட் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
  %லெட் உயரம் = ஹைட்;
ரன்;
%புட் &உயரம்;

%புட் தன் விடையை லாகில், அதாவது ஓட்டத்தின் விவரங்களைச் சாஸ் எழுதிக் காட்டும் இடத்தில், அச்சிடும். அங்கே எண் எதுவும் வராது. ஹைட் என்ற சொல்லே வரும். % குறியோடு தொடங்கும் %லெட், டேட்டா ஸ்டெப்புக்குள் எழுதப்பட்டிருந்தாலும் டேட்டா ஸ்டெப்பைச் சேர்ந்தது இல்லை. அது கம்பைலுக்கு முன்பே ஓடி முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஹைட் என்பது அதற்கு வெறும் எழுத்துகள். அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. இதே காரணத்தால், %லெட் வரியை இஃப் நிபந்தனைக்குள் வைத்தாலும் நிபந்தனை அதைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது மேக்ரோ மாறியை எழுதக்கூடிய ஒரு கட்டளை வேண்டும்.

கால் சிம்புட்எக்ஸ்

டேட்டா _நல்_;
  செட் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
  இஃப் நேம் = 'பிலிப்' தென் கால் சிம்புட்எக்ஸ்('உயரம்', ஹைட்);
ரன்;
%புட் &=உயரம்;

லாகில் மாறியின் பெயரும் பக்கத்தில் 72 என்றும் வரும். வகுப்பிலேயே உயரமானவர் அவர்தான். (பிலிப் என்ற பெயரில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடியுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் டேட்டா மதிப்புகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு.) %புட் வரியில் & குறிக்குப் பின்னால் ஒரு சமன் குறி போட்டால் பெயரும் மதிப்பும் சேர்ந்து அச்சாகும். சின்ன வசதிதான், பத்து மாறிகளைச் சோதிக்கும்போது அதன் அருமை தெரியும்.

_நல்_ என்று எழுதினால் புதிய டேட்டாசெட் எதுவும் உருவாகாது. நமக்கு வேண்டியது மேக்ரோ மாறி மட்டும் என்பதால் அது போதும்.

இப்போது அந்த இஃப் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். விடை 66.5. ஏன்? கால் சிம்புட்எக்ஸ் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை, மொத்தம் 19 தடவை ஓடியது. ஒவ்வொரு தடவையும் பழைய மதிப்பின் மேல் புதியதை எழுதியது. கடைசி வரிசையில் இருக்கும் வில்லியமின் உயரம் மிஞ்சியது. நிபந்தனை எழுத மறந்தால் சாஸ் எச்சரிக்காது. ஏதோ ஓர் எண் வந்துவிடும், பார்க்கவும் நம்பும்படியாகவே இருக்கும்.

அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது மேக்ரோ மாறியின் பெயர். அதை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். மேற்கோள் இல்லாவிட்டால் சாஸ் அதை டேட்டாசெட் மாறி என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் மதிப்பையே பெயராக வைக்கப் பார்க்கும். தவறாகச் செய்தால் தொல்லை, தெரிந்து செய்தால் நல்ல வசதி. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மேக்ரோ மாறி வேண்டும் என்றால்:

டேட்டா _நல்_;
  செட் சாஸ்ஹெல்ப்.கிளாஸ் எண்ட்=முடிவு;
  கால் சிம்புட்எக்ஸ்(கேட்ஸ்('பெயர்', _என்_), நேம்);
  இஃப் முடிவு தென் கால் சிம்புட்எக்ஸ்('மொத்தம்', _என்_);
ரன்;

_என்_ என்பது வரிசையின் எண்; கேட்ஸ் அதைப் பெயரோடு ஒட்டுகிறது. பெயர்1 முதல் பெயர்19 வரை வரிசையாக உருவாகும். மொத்தம் என்பதில் 19 இருக்கும். ஒரு மேக்ரோவுக்குள் (%மேக்ரோ, %மெண்ட் இரண்டுக்கும் நடுவில் எழுதும் நிரல் துண்டு) %டூ சுற்று வைத்து, எண் என்ற சுற்று மாறியை 1 முதல் &மொத்தம் வரை ஓடவிட்டு, &&பெயர்&எண் என்று ஒவ்வொன்றாக எடுக்கலாம். இரண்டு & குறிகள் எதற்கு? மேக்ரோ பிராசஸர் அதை இரண்டு சுற்றாகப் படிக்கிறது. முதல் சுற்றில் && என்பது ஒரே & ஆகச் சுருங்கும், &எண் என்பது 1 ஆகும்; மிஞ்சுவது &பெயர்1. இரண்டாவது சுற்றில் அது ஆல்ஃபிரட் ஆகும். ஒரே ஒரு & போட்டிருந்தால், பெயர் என்ற தனி மாறியைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லை என்று லாகில் சொல்லும்.

பழைய நிரல்களில் எக்ஸ் இல்லாத கால் சிம்புட் என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள். இப்போதும் வேலை செய்யும். ஆனால் எண் மதிப்பைக் கொடுத்தால் அதை 12 எழுத்து அகலத்தில் எழுதும். 72க்கு முன்னால் பத்து வெற்றிடங்கள் ஒட்டிக்கொண்டு வரும். எண் எழுத்தாக மாற்றப்பட்டது என்று லாகில் ஒரு குறிப்பும் விழும். சாஸ் 9ல் வந்த சிம்புட்எக்ஸ் இரண்டு பக்க வெற்றிடத்தையும் வெட்டிவிடுகிறது, அந்தக் குறிப்பும் இல்லை. புதிதாக எழுதுபவர்கள் பழையதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

அதே ஸ்டெப்பில் திருப்பிக் கேட்காதீர்கள்

கால் சிம்புட்எக்ஸ் எழுதிய கையோடு, ரன் வருவதற்கு முன் அடுத்த வரியிலேயே &உயரம் என்று எழுதிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மேலே சொன்ன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். &உயரம் நிரப்பப்படுவது கம்பைலுக்கு முன்னால்; சிம்புட்எக்ஸ் மதிப்பை எழுதுவது டேட்டா ஓடும்போது. நிரப்பப்படும் நேரத்தில் அந்த மாறியே பிறந்திருக்காது. குறியீட்டுப் பெயருக்கு மதிப்பு கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரும், பெரும்பாலும் பின்னாலேயே சிவப்பில் ஒரு பிழையும் வரும்.

பிழை வந்தால்கூடப் பரவாயில்லை. அதே நிரலை அதே அமர்வில் இரண்டாவது தடவை ஓட்டினால் பிழை மறைந்துவிடும்! முதல் ஓட்டத்தில் எழுதப்பட்ட மதிப்பு இப்போது இருக்கிறது. அதை எடுத்து நிரப்பிக்கொள்ளும். அதாவது இந்த ஓட்டத்துக்கு முந்தைய ஓட்டத்தின் விடை. "முதல் தடவை தகராறு பண்ணும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது ஒரு நிரலைப் பற்றிச் சொன்னால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதிய அமர்வைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரன் எழுதி ஸ்டெப்பை முடித்துவிட்டு, அடுத்த ஸ்டெப்பில் & போட்டு எடுப்பதே சுலபமான வழி. அதே ஸ்டெப்பிலேயே வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் சிம்கெட் என்ற செயற்கூறு இருக்கிறது. அது டேட்டா ஓடும் நேரத்தில் மேக்ரோ மாறியைப் போய்ப் பார்க்கும். திருப்பித் தருவது எழுத்து மதிப்பு என்பதால், எண்ணாக வேண்டுமென்றால் இன்புட்(சிம்கெட்('உயரம்'), 32.) என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் பெரும்பாலான சமயங்களில், அதே ஸ்டெப்புக்குள் ஒரு மதிப்பை வரிசைக்கு வரிசை கொண்டுபோக ரிட்டெய்ன் போதும். மேக்ரோ மாறிக்கு அங்கே வேலையே இல்லை.

எஸ்க்யூஎல்லில் இன்டு

சராசரி, எண்ணிக்கை, அதிகபட்சம் என்று கணக்குப் போட்டு வரும் மதிப்புகளுக்கு எஸ்க்யூஎல் வழியே எனக்குப் பிடிக்கும். கணக்கும் ஏற்றுவதும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

ப்ராக் எஸ்க்யூஎல் நோபிரின்ட்;
  செலக்ட் மீன்(ஹைட்) இன்டு :சராசரி ட்ரிம்டு
  ஃப்ரம் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
  செலக்ட் கவுன்ட்(*) இன்டு :உயர்ந்தோர் ட்ரிம்டு
  ஃப்ரம் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்
  வேர் ஹைட் > &சராசரி;
குவிட்;
%புட் &=சராசரி &=உயர்ந்தோர்;

சராசரி 62.33684, அதற்கு மேல் இருப்பவர்கள் 12 பேர். முக்காற்புள்ளியை மறக்காதீர்கள், இன்டுவுக்குப் பின்னால் வருவது மேக்ரோ மாறி என்று சாஸுக்குச் சொல்வது அதுதான். நோபிரின்ட் இல்லாவிட்டால் விடை அறிக்கையிலும் அச்சாகும். ட்ரிம்டு என்பது சாஸ் 9.3ல் வந்தது; ஓரத்து வெற்றிடத்தை வெட்டும். அது இல்லாவிட்டால் 12க்கு முன்னால் ஆறு வெற்றிடங்கள் நிற்கும். நிபந்தனையில் பயன்படுத்தும்போது ஒன்றும் ஆகாது. ஆனால் அதை ஒரு டேட்டாசெட்டின் பெயரோடு ஒட்டவைத்தால் பெயர் இரண்டாக உடைந்துவிடும்.

ஒரே ப்ராக்கின் உள்ளே முதல் செலக்ட்டில் உருவான மாறியை இரண்டாவது செலக்ட்டில் எடுத்தோமே, அது எப்படிச் செல்லும் என்று கேட்கலாம். எஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு செலக்ட்டும் அரைப்புள்ளி வந்தவுடன் ஓடிவிடுகிறது. ரன் வரைக்கும் காத்திருப்பதில்லை. அதனால் அடுத்த வரியைப் படிக்கும்போது சராசரி தயாராக இருக்கும்.

62.33684 என்று ஏன் நின்றது? உண்மையான சராசரியில் தசம இடங்கள் இன்னும் நீளும். எண்ணுக்கு ஃபார்மட் எதுவும் இல்லாதபோது இன்டு அதை பெஸ்ட்8. என்ற ஃபார்மட்டில், 8 எழுத்து அகலத்துக்குள் அடக்கிவிடுகிறது. சராசரிக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஒன்பது இலக்க எண்ணாக இருந்தால் கதை வேறு. 123456789 என்ற தொகையோ அடையாள எண்ணோ 1.2346இ8 என்ற வடிவத்தில் உள்ளே போகும். அடையாள எண்ணை வைத்துத் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள், அல்லது தப்பான ஆள் கிடைப்பார். நிரல் மட்டும் சமத்தாக ஓடி முடியும். அதனால் பெரிய எண்கள் வரக்கூடிய இடத்தில் ஃபார்மட்டை நாமே சொல்லிவிட வேண்டும்:

செலக்ட் சம்(தொகை) ஃபார்மட்=பெஸ்ட்16. இன்டு :கூட்டல் ட்ரிம்டு

சிம்புட்எக்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது 32 எழுத்து அகலம்வரை எடுத்துக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் மேக்ரோ மாறியில் போய் எழுத்தாக மாறித் திரும்பும் தசம எண்ணை, மூல மதிப்போடு "சமமா" என்று ஒப்பிடாதீர்கள். பெரிது, சிறிது என்று ஒப்பிடுவதில்கூட எல்லைக்கோட்டில் இருக்கும் ஒரு வரிசை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடக்கூடும்.

தேதியிலும் இரண்டு வழிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சாஸுக்குத் தேதி என்பது 1960 ஜனவரி 1லிருந்து எண்ணிய நாட்களின் எண்ணிக்கை. டேட்9. என்ற ஃபார்மட் ஒட்டியிருக்கும் தேதி மாறியில் 2020 ஜனவரி 1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டு அந்த ஃபார்மட்டை மதித்து 01ஜன2020 என்று எழுதும். சிம்புட்எக்ஸ் ஃபார்மட்டைக் கண்டுகொள்ளாது. 21915 என்று எழுதும். இரண்டும் சரிதான், எது கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நிபந்தனைக்கு 21915 போதும், அதை அப்படியே வைக்கலாம். தலைப்பில் காட்ட வேண்டும் என்றால் சிம்புட்எக்ஸுக்குள் புட்(நாள், டேட்9.) என்று எழுதிக் கொடுங்கள். 01ஜன2020 வடிவத்தை நிபந்தனையில் வைக்கும்போது "&தேதி"டி என்று இரட்டை மேற்கோளும் பின்னால் டி எழுத்தும் வேண்டும்.

மேற்கோள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒற்றை மேற்கோளுக்குள் & குறி நிரப்பப்படாது. தலைப்பில் '&சராசரி' என்று எழுதினால் அறிக்கையின் உச்சியில் அந்த எழுத்துகளே அப்படியே அச்சாகும்.

பல மதிப்புகளைப் பட்டியலாக

ப்ராக் எஸ்க்யூஎல் நோபிரின்ட்;
  செலக்ட் டிஸ்டிங்க்ட் ஏஜ் இன்டு :பட்டியல் செபரேட்டட் பை ','
  ஃப்ரம் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்;
குவிட்;

பட்டியலில் 11,12,13,14,15,16 என்று இருக்கும். வேர் ஏஜ் இன் (&பட்டியல்) என்று நேராக வைக்கலாம். செபரேட்டட் பை எழுதினால் வெற்றிடம் தானாகவே வெட்டப்படும், ட்ரிம்டு தேவையில்லை. மறந்துவிட்டால் முதல் வரிசையின் மதிப்பு மட்டும் ஏறும்.

பெயர்கள் போன்ற எழுத்து மதிப்புகளுக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் மேற்கோள் வேண்டும். செலக்ட் கோட்(ஸ்ட்ரிப்(நேம்)) என்று எழுதினால் அது கிடைக்கும். ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் பின்பக்க வெற்றிடங்களும் மேற்கோளுக்குள் மாட்டிக்கொள்ளும். விடை மாறாது, ஆனால் பட்டியல் வீணாக நீளும்.

டேட்டாசெட்டின் மதிப்புகளை மட்டும் அல்ல, டேட்டாசெட்டைப் பற்றிய விவரத்தையும் இப்படி எடுக்கலாம். எந்தெந்த மாறிகள் எண் வகை என்று கையால் எழுதாமல் சாஸையே கேட்கலாம்:

  செலக்ட் நேம் இன்டு :எண்வகை செபரேட்டட் பை ' '
  ஃப்ரம் டிக்ஷனரி.காலம்ஸ்
  வேர் லிப்நேம்='சாஸ்ஹெல்ப்' அண்ட் மெம்நேம்='கிளாஸ்' அண்ட் டைப்='நம்';

ஏஜ் ஹைட் வெயிட் என்று வரும். ப்ராக் மீன்ஸில் வார் &எண்வகை; என்று கொடுத்துவிடலாம்; நாளைக்கு டேட்டாசெட்டில் புதிய எண் மாறி சேர்ந்தாலும் நிரலைத் தொட வேண்டாம். லிப்நேம், மெம்நேம் இரண்டின் மதிப்பையும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள். டைப்பின் மதிப்பு சிறிய எழுத்தில். இது பிசகினால் ஒரு வரிசையும் கிடைக்காது. அப்போது என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த விஷயம்.

வரிசையே கிடைக்காதபோது

செலக்ட்டுக்கு ஒரு வரிசைகூடப் பொருந்தாவிட்டால் இன்டு மேக்ரோ மாறியைத் தொடுவதே இல்லை. மாறி முன்பு இல்லையென்றால் இப்போதும் இருக்காது. முன்பு இருந்திருந்தால், பழைய மதிப்பு அப்படியே நிற்கும். ஒரு சுற்றுக்குள் பிரிவு பிரிவாக ஓட்டும் நிரலில் இது மோசமான பிழை: மூன்றாவது பிரிவில் யாரும் இல்லை, ஆனால் அறிக்கையில் இரண்டாவது பிரிவின் ஆட்களே மறுபடி வந்து நிற்பார்கள்.

மருந்து ரொம்பச் சின்னது. ஒவ்வொரு இன்டுவுக்கும் முன்னால் %லெட் பட்டியல் = ; என்று வெறுமையாக்கிவிடுங்கள். செலக்ட் முடிந்தவுடன் எஸ்க்யூஎல்ஓபிஎஸ் என்ற தானியங்கி மேக்ரோ மாறியைப் பாருங்கள். எத்தனை வரிசை கிடைத்தது என்று அதில் இருக்கும். 0 என்றால் அடுத்த படிக்குப் போகாமல் நிறுத்தலாம். கவுன்ட்(*) மாதிரியான மொத்தக் கணக்குகளில் இந்தச் சிக்கல் இல்லை, அவை எப்போதும் ஒரு வரிசை தரும். மீன் அப்படியே ஒரு வரிசை தரும், ஆனால் உள்ளே இருப்பது ஒரு புள்ளி மட்டும், அதாவது விடுபட்ட மதிப்பு.

மேக்ரோவுக்குள் எழுதும்போது

%மேக்ரோ, %மெண்ட் இரண்டுக்கும் நடுவில் உருவாகும் மாறி, அந்த மேக்ரோ முடிந்ததும் மறைந்துபோகலாம். வெளியே எடுத்தால் "கிடைக்கவில்லை" என்ற எச்சரிக்கை. சிம்புட்எக்ஸ் இதில் கொஞ்சம் விசித்திரமானது. புதிதாக உருவாக்கும் மாறியை, மேக்ரோவுக்கென்று உள்ளூர் மாறிகள் ஏதாவது ஏற்கெனவே இருந்தால் அவற்றோடு வைக்கும். ஒன்றுமே இல்லையென்றால் வெளியே வைக்கும். ஆகவே நேற்றுவரை வெளியே தெரிந்த மாறி, இன்று மேக்ரோவுக்கு ஒரே ஒரு பாராமீட்டர் சேர்த்ததும் காணாமல் போகும். பாராமீட்டரும் உள்ளூர் மாறிதானே. இந்த மர்மத்தில் மாட்டாமல் இருக்க, மூன்றாவது மதிப்பாக இடத்தைச் சொல்லிவிடுங்கள்: வெளியே வேண்டுமென்றால் 'ஜி', உள்ளேயே இருக்கட்டும் என்றால் 'எல்'. இன்டுவுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அதற்கு முன்னால் %குளோபல் சராசரி; என்று அறிவித்துவிடுவது நல்லது.

மேக்ரோவுக்குள் இன்னொரு பள்ளம் %இஃப். மேக்ரோ மாறியில் இருப்பது எழுத்து என்று சொன்னேன். %இஃப் முழு எண்களை எண்ணாகப் புரிந்துகொள்ளும். தசமப் புள்ளி வந்தால் எழுத்தாகவே ஒப்பிடும். 10.5 > 9.5 என்று கேட்டால் பொய் என்கிறது, ஏனென்றால் 1 என்ற எழுத்து 9க்கு முன்னால் வருகிறது. %சிஸ்இவால்எஃப்(&சராசரி > 9.5) என்று சுற்றிக் கொடுத்தால் சரியாக ஒப்பிடும். டேட்டா ஸ்டெப்பின் சாதாரண இஃப்பில் இந்தப் பிரச்சினை இல்லை.

மதிப்புக்குள்ளேயே & அல்லது % இருந்தால்? நிறுவனப் பெயர்களில் & சகஜம். ஏற்றும்போது பிரச்சினை வராது. எடுக்கும்போது மேக்ரோ பிராசஸர் அதையும் ஒரு மாறி என்று நினைத்து நிரப்பப் பார்க்கும். அங்கே &பெயர் என்பதற்குப் பதில் %சூப்பர்கியூ(பெயர்) என்று எழுதுங்கள்; அடைப்புக்குறிக்குள் & போடக் கூடாது. உள்ளே இருப்பதைக் கிண்டாமல் அப்படியே தரும்.

ஒட்டவைக்கும்போது ஒரு புள்ளி. மேக்ரோ மாறியின் பெயர் எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு புள்ளி வைக்கலாம். அந்தப் புள்ளியைச் சாஸ் விழுங்கிவிடும். ஆகவே நூலகத்தின் பெயர் மேக்ரோ மாறியில் இருந்தால் &நூலகம்..கிளாஸ் என்று இரண்டு புள்ளி வைக்க வேண்டும்: ஒன்று விழுங்கப்படுவதற்கு, இன்னொன்று நூலகத்தையும் டேட்டாசெட்டையும் பிரிப்பதற்கு.

சரி பார்ப்பது

ஏதாவது புரியாமல் போனால் மேலே ஆப்ஷன்ஸ் சிம்பால்ஜென்; என்று போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு & குறியும் என்னவாக நிரப்பப்பட்டது என்று லாக் வரிவரியாகச் சொல்லும். நீங்கள் உருவாக்கிய எல்லா மாறிகளையும் பார்க்க %புட் _யூசர்_; போதும். வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் %புட் [&உயர்ந்தோர்]; என்று சதுர அடைப்புக்குள் வைத்து அச்சிடுங்கள்; அடைப்புக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் கண்ணில் படும். வேலை முடிந்த மாறிகளை %சிம்டெல் கொண்டு அழித்துவிட்டால் பழைய மதிப்பு அடுத்த வேலையில் புகுந்து குழப்பாது.

எப்போது வேண்டாம்

மேக்ரோ மாறி கைவந்ததும் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கத் தோன்றும். ஒரு டேட்டாசெட்டில் உள்ள அடையாள எண்களை எல்லாம் பட்டியலாக்கி, இன்னொரு டேட்டாசெட்டில் வேர் இன் நிபந்தனைக்குள் திணிப்பது அடிக்கடி பார்க்கும் பழக்கம். ஒரு மேக்ரோ மாறியில் அதிகபட்சம் 65,534 எழுத்துகள் பிடிக்கும். எட்டு இலக்க எண்ணும் ஒரு காற்புள்ளியும் சேர்ந்து ஒன்பது எழுத்து. 7,281 எண்களோடு இடம் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் எஸ்க்யூஎல்லிலேயே உள்வினவலாக எழுதினால் எல்லையும் இல்லை, எண் எழுத்தாகி இலக்கம் தொலைவதும் இல்லை. முன்பு பார்த்த சராசரிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்:

  செலக்ட் * ஃப்ரம் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்
  வேர் ஹைட் > (செலக்ட் மீன்(ஹைட்) ஃப்ரம் சாஸ்ஹெல்ப்.கிளாஸ்);

அதே 12 பேர். மேக்ரோ மாறி எதுவும் இல்லை, சராசரியின் தசம இடங்கள் முழுசாக இருக்கின்றன. மதிப்பு டேட்டாவுக்குள்ளிருந்து வந்து டேட்டாவுக்குள்ளேயே பயன்படுகிறது என்றால் உள்வினவலோ, டேட்டாசெட்டுகளை இணைக்கும் மெர்ஜோ போதும். நிரலின் எழுத்தே மாற வேண்டும் என்னும்போதுதான், அதாவது தலைப்பு, டேட்டாசெட்டின் பெயர், மாறிகளின் பட்டியல், சுற்று எத்தனை தடவை ஓட வேண்டும் என்பவற்றை டேட்டா தீர்மானிக்கும்போது, மேக்ரோ மாறியை எடுங்கள்.